நிற்கும் தூரமும் வாங்கும் லென்ஸும்

உருவப்படம் எடுக்க அதிக விலையில்லாத லென்ஸ் எது என்று கேட்பவர்களுக்கு நம்மூரில் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: 50 மி.மீ., எஃப் 1.8. (முதல் எண் லென்ஸின் குவியத் தொலைவு, அது கூடக்கூடச் சட்டகத்தில் அடங்கும் காட்சி குறுகும். அடுத்தது எஃப் எண், அது குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகி அதிக ஒளி உள்ளே வரும்.) கேமரா கடையில் கேட்டாலும், கல்யாணப் படம் எடுக்கும் நண்பரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பெரும்பாலும் அந்தப் பதில் சரியானதே. ஆனால் கேட்டவர் யாரை, எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப்போகிறார் என்று விசாரிக்காமலேயே அது சொல்லப்பட்டுவிடுகிறது. லென்ஸைத் தீர்மானிக்க வேண்டியது அந்த மூன்றாவது கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு விடை கிடைத்துவிட்டால் குவியத் தொலைவு தானாகவே முடிவாகிவிடும். விலையும் பெரும்பாலும் நம் கைக்கு அடங்கியதாகவே இருக்கும். நான் படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். உறவினர்களையும் அண்டை வீட்டாரையும், அவர்களிலும் குறிப்பாக முதியவர்களை, அவர்கள் வாழும் வீட்டிலேயே வைத்துப் படமெடுப்பவன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் ஸ்டுடியோவுக்கு அல்ல, வீட்டுக்கும் வாசலுக்கும் பொருந்துவது.

ஒரு முகம் படத்தில் என்ன வடிவத்தில் தோன்றும் என்பதைக் கேமராவுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமே தீர்மானிக்கிறது. குவியத் தொலைவுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. பலரும் சொல்லிக் கேட்ட செய்திதான் என்றாலும், ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அது மனத்தில் பதியும். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழவாக்கில் சுமார் 12 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். மூக்கிலிருந்து 50 செ.மீ. தள்ளிக் கேமராவைப் பிடித்தால் காது 62 செ.மீ. தூரத்தில் இருக்கும், அதனால் காதை நோக்க மூக்கு 24 விழுக்காடு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்த வேறுபாடு 6 விழுக்காடாகக் குறைந்துவிடும். 3 மீட்டரில் அது 4 விழுக்காடு. கையை நீட்டிக் கைபேசியில் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் படங்களில் மூக்கு புடைத்தும் காதுகள் பின்வாங்கியும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எவ்வளவு தூரம் நல்லது? ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை என்பது என் பதில். அதற்கு அருகே போனால் முகம் உப்பிக்கொள்கிறது. அதற்கு அப்பால் போவதால் முகத்தின் வடிவத்தில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. ஆனால் படமெடுப்பவருக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையிலான பேச்சு அறுந்துவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் உறவினர் வீட்டு ஆச்சி ஒருவரைப் படமெடுக்கப் போனபோது முற்றத்தின் மறுகோடியில் நின்றுகொண்டு, “ஆச்சி, கொஞ்சம் சன்னல் பக்கமா திரும்புங்க” என்றேன். “பக்கத்துல வந்து பேசுய்யா, அங்கன நின்னா எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றார். முதியவர்களைப் படமெடுக்கும் எவருக்கும் இது பழக்கமான பதில்தான். நாம் சொல்வது காதில் விழுந்து, நம் முகமும் அவர்களுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றால்தான் அவர்கள் கேமராவை மறந்து பேசத் தொடங்குகிறார்கள். ஆகவே தூரம் என்பது ஒளியியல் கணக்கு மட்டுமல்ல. படத்தில் வரப்போகும் முகபாவத்தையும் அதுவே முடிவு செய்கிறது.

இந்த இரண்டு மீட்டரை நிலையாக வைத்துக்கொண்டு லென்ஸ்களைப் பார்க்கலாம். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. அதன் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. அளவுள்ள ஏபிஎஸ்-சி எனும் சிறிய வகை. இதில் 50 மி.மீ. லென்ஸைப் பூட்டி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சட்டகத்துக்குள் ஏறத்தாழ 90 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் அடங்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் தலையிலிருந்து இடுப்பு வரை நிறைவாக வருவார். மடியில் கோத்த கைகளும் வரக்கூடும். அதே இடத்தில் 85 மி.மீ. லென்ஸ் 53 செ.மீ. உயரத்தை மட்டுமே காட்டும். தலையும் தோளும் வரும், கைகள் வெட்டுப்படும். 35 மி.மீ. என்றால் 130 செ.மீ. உயரம் வரை விரியும். நாற்காலியோடு சேர்ந்து முழு ஆளும் வந்துவிடுவார், பின்னால் இருக்கும் சுவரும் நாட்காட்டியும் சாமி படங்களும் கூடவே வரும்.

முழு உருவம் எடுப்பதென்றால் அறையின் நீளம் குறுக்கே நிற்கிறது. நிற்பவரின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் விட்டு 2 மீட்டர் உயரமுள்ள சட்டகம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், என் கேமராவில் 85 மி.மீ. லென்ஸுக்கு 7 மீட்டருக்கும் அதிகமான இடைவெளி தேவை. 50 மி.மீ.க்கு 4 மீட்டருக்குச் சற்று மேல், 35 மி.மீ.க்கு 3 மீட்டர். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை சாதாரணம். அதன் நீண்ட பக்கமே 3.66 மீட்டர்தான். அதிலும் பீரோவையும் கட்டிலையும் கழித்து, படத்தில் இருப்பவருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டால், நிற்பதற்கு நமக்கு இரண்டரை மீட்டர் மிஞ்சினாலே பெரிது. ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர் 85 மி.மீ. லென்ஸை ‘உருவப்படத்துக்கென்றே உள்ள லென்ஸ்’ என்ற பெயருக்காக வாங்கி வீட்டுக்குள் பயன்படுத்த நினைத்தால், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு முகத்தை மட்டுமே எடுக்க முடியும். 85 மி.மீ.க்கு அந்தப் பெயர் வந்தது 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவுள்ள பிலிமில். அதே அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அது இன்றும் அந்தப் பெயருக்கு உரியதுதான். ஏபிஎஸ்-சி சென்சாரில் அந்தப் பணியைச் செய்வது 50 மி.மீ. லென்ஸ். நல்வாய்ப்பாக, ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தயாரிப்பதிலேயே மலிவான பிரைம் லென்ஸ்களில், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ்களில், ஒன்று அது.

அது மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1896இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸின் வழிவந்த அமைப்பே இன்றைய 50 மி.மீ. லென்ஸ்களில் பலவற்றுக்கும் அடிப்படை. நடுவிலுள்ள அபெர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் திறப்புக்கு, இருபுறமும் ஏறத்தாழ ஒத்த அமைப்பில் கண்ணாடிகள் அமைவதால் பல ஒளிப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் இருப்பவை ஆறே கண்ணாடிகள், ஐந்து தொகுதிகளாக. விலையுயர்ந்த சிறப்புக் கண்ணாடிகள் அதில் தேவைப்படவில்லை. 1987இல் வந்த முதல் பதிப்பு, 1990இல் வந்த 130 கிராம் எடையுள்ள இரண்டாம் பதிப்பு, 2015இல் வந்த, ஸ்டெப்பிங் மோட்டார் கொண்ட எஸ்டிஎம் பதிப்பு என்று அதே அடிப்படை அமைப்பு பெருமளவில் உற்பத்தியாகி வந்திருக்கிறது. குறைந்த விலை என்பதால் அதன் கண்ணாடியைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. நிறுவனம் சிக்கனம் செய்தது உறையிலும் மோட்டாரிலும்தான்.

அடுத்ததாகப் பின்னணி மங்கல். பெரிய அபெர்ச்சர் லென்ஸை வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் இந்த ஆசையே. எவ்வளவு மங்கும் என்பதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழி உண்டு. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் திறப்பு விட்டம் கிடைக்கும். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ. வெகு தொலைவில் எரியும் ஒரு விளக்கு, நாம் எடுக்கும் முகத்தின் அளவோடு வைத்துப் பார்க்கையில், சரியாக இந்த விட்டமுள்ள வட்டமாக விரியும். அதாவது ஏறத்தாழ 15 செ.மீ. அகலமுள்ள முகத்தின் பக்கத்தில் மூன்று செ.மீ.க்குச் சற்றுக் குறைவான வட்டம். கேமராவோடு சேர்த்தே விற்கப்படும் கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில், எஃப் 5.6இல், அது 10 மி.மீ. மட்டுமே. 85 மி.மீ. எஃப் 1.8 என்றால் 47 மி.மீ.

பின்னணி தொலைவில் இல்லாமல் பக்கத்திலேயே இருந்தால் இந்த அளவு சுருங்கும். முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் பெருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவர் சுவரிலிருந்து அரை மீட்டரே விலகி உட்கார்ந்திருந்தால் விகிதம் ஐந்தில் ஒன்று, 28 மி.மீ. சுருங்கி 6 மி.மீ.க்கும் கீழே வந்துவிடும். சுவரின் வெடிப்புகள்கூடத் தெரியும். அவரைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னே வரச் சொல்லி, நாமும் அவர் நகர்ந்த அளவே பின்னே நகர்ந்தால் விகிதம் இரண்டில் ஒன்றாகிறது, மங்கல் 14 மி.மீ. நாற்காலியை முன்னே இழுப்பதால் கிடைக்கும் இந்த இரண்டரை மடங்கு மாற்றம், 50 மி.மீ. எஃப் 1.8இலிருந்து பல மடங்கு விலையுள்ள 50 மி.மீ. எஃப் 1.2க்குத் தாவினாலும் கிடைக்காது. அங்கே திறப்பு விட்டம் 28இலிருந்து 42 மி.மீ.க்கு, அதாவது ஒன்றரை மடங்குதான் கூடுகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. தொடக்கநிலைக் கேமராவோடு இரட்டை லென்ஸ் தொகுப்பாக வாங்கியவர்களிடம் 55–250 மி.மீ. அல்லது 70–300 மி.மீ. ஜூம் ஒன்று அலமாரியில் இருக்கும். அதில் 135 மி.மீ. வைத்து, எஃப் 5.6இல், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நின்று தலையும் தோளும் எடுத்தால் திறப்பு விட்டம் 24 மி.மீ. வருகிறது. 50 மி.மீ. எஃப் 1.8இன் 28 மி.மீ.க்கு இது வெகு தொலைவில் இல்லை. வயல்வெளியிலும் கோயில் பிராகாரத்திலும் கடற்கரையிலும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே படமெடுப்பவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பேன். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

வீட்டுக்குள் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே குறைவது வெளிச்சம். எஃப் 1.8 என்பது எஃப் 5.6ஐவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மாலை ஐந்து மணிக்குச் சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கிட் லென்ஸில் எடுக்க ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவு, 6400 தேவைப்பட்டால், அதே ஷட்டர் வேகத்துக்கு எஃப் 1.8இல் 640 போதும். கறுத்த தோலின் நிழல் பகுதிகளில் இருக்கும் நுட்பமான நிறமாற்றங்கள் 6400இல் புள்ளிகளாகச் சிதறிவிடும். 640இல் அவை அப்படியே நிற்கும். நம் முகங்களை எடுக்கும் நமக்கு இது பின்னணி மங்கலைவிடப் பெரிய செய்தி. மலிவான பிரைம் லென்ஸில் நாம் விலைகொடுத்து வாங்குவது முதன்மையாக இந்த வெளிச்சத்தைத்தான்.

உருவப்படத்துக்கென்றே முதன்முதலில் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்ட லென்ஸும் இதே தேவையிலிருந்துதான் பிறந்தது. தொடக்ககால நிழற்பட முறையான டாகுவேர் முறை அறிவிக்கப்பட்ட 1839இல் வழக்கிலிருந்த லென்ஸ்கள் எஃப் 15 அளவிலேயே இயங்கின. உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால் 1840இல் எஃப் 3.6 அளவுள்ள ஒரு லென்ஸை வடிவமைத்தார், ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. நடுப்பகுதி மிகக் கூர்மை. ஓரங்களில் கூர்மை சரிந்து பின்னணி சுழல்வதுபோல் தோன்றும். முகம் நடுவில் இருக்கும் படத்துக்கு அது குறையாகவே படவில்லை. இன்றும் அப்படித்தான். மலிவான 50 மி.மீ. லென்ஸ்கள் முழுத் திறப்பில் மூலைகளில் சற்றே மழுங்கலாக இருப்பது உண்மை. சோதனை அட்டைகளை எடுத்து ஒப்பிடுபவர்கள் அதைக் குறையாக எழுதுகிறார்கள். கட்டடமோ நிலக்காட்சியோ எடுப்பவருக்கு அது குறைதான். உருவப்படத்தின் மூலையில் மங்கிய சுவரும் வேட்டியின் நுனியுமே இருக்கும், அங்கே கூர்மைக்கு வேலை இல்லை.

இனி, எந்தக் கேமராவுக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேனன் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் காட்டும் காட்சியை உள்ளே உள்ள ஆடி வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கேமரா) வைத்திருப்பவருக்கு இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் போதும். பழைய இரண்டாம் பதிப்பு இன்னும் குறைந்த விலையில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் என்றாலும் அதன் பூட்டு வளையம் பிளாஸ்டிக். அபெர்ச்சர் இதழ்கள் ஐந்தே என்பதால் சற்று மூடினாலும் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாகிவிடும். எஸ்டிஎம்மில் ஏழு இதழ்களும் உலோக வளையமும் உண்டு. 35 செ.மீ. வரை நெருங்கவும் முடியும். கேனனின் ஆர்எஃப் வரிசை மிரர்லெஸ் (அந்த ஆடி இல்லாத) கேமராக்களுக்கு 2020இல் வந்த ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது, பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் வழியே பூட்டினாலும் தானியங்கிக் குவியம் வேலை செய்யும்.

நிக்கானில் ஒரு கண்ணி இருக்கிறது. 50 மி.மீ. எஃப் 1.8டி என்ற பழைய லென்ஸ் மிகக் குறைந்த விலையில் கண்ணில் படும், கண்ணாடியும் நல்லது. ஆனால் அதனுள் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலிலும் மோட்டார் இல்லாததால் அவற்றில் கையால்தான் குவியம் சரிசெய்ய வேண்டும். டி7000 வரிசையில் இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் 2011இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸையே வாங்க வேண்டும். அறைக்குள் குழந்தைகளையும் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களையும் அதிகம் எடுப்பவர்களுக்கு, 2009இல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். சோனி ஏபிஎஸ்-சி கேமராவுக்கு இ 50 மி.மீ. எஃப் 1.8 ஓஎஸ்எஸ், அதில் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் சிக்மாவின் 56 மி.மீ. எஃப் 1.4 மிக நல்ல லென்ஸ். திறப்பு விட்டம் 40 மி.மீ., எடையோ 280 கிராம்தான். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 வரிசை. அவற்றில் 1992இல் வந்த கேனன் இஎஃப் 85 மி.மீ. இன்று செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைக்கிறது. எதிர்வெளிச்சத்தில் முடியின் ஓரங்களில் ஊதா நிறக் கீற்று தோன்றும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

சோவியத் நாட்டில் தயாரான ஹீலியோஸ் 44-2ஐப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 58 மி.மீ., எஃப் 2. சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி அமைந்தது, இலைகளுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால் பின்னணி சுழலும். மிரர்லெஸ் கேமராவில், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவியம் சரிசெய்யப் பொறுமை உள்ளவர்களுக்கு அது அழகான பொருள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் சிறிய வியூஃபைண்டரில் அதைக் கொண்டு கண்ணில் குவியம் வைப்பது கடினம். நிக்கான் டிஎஸ்எல்ஆரிலோ, கண்ணாடி பொருத்திய அடாப்டர் இல்லாவிட்டால் தொலைவிலுள்ள பொருள்களில் குவியமே அமையாது. முதல் உருவப்பட லென்ஸாக இதை வாங்க வேண்டாம்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் நம் தட்பவெப்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். கடலோர ஊர்களில் பூஞ்சை லென்ஸுக்குள் எளிதில் குடியேறும். வாங்கும் முன் இருபுற மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுமையாகத் திறந்து, கைபேசி விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்து, மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி நூல்போல் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பால் ஊற்றியதுபோல் மெல்லிய படலம் தெரிந்தாலும் தவிர்க்க வேண்டும், எதிர்வெளிச்சத்தில் அது படத்தை வெளுக்கச் செய்யும். உள்ளே நான்கைந்து தூசுகள் கிடந்தால் கவலையில்லை. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும், முழுத் திறப்பில் கண்ணின் மேல் குவியம் வைத்தால் கண்ணிமையில்தான் கூர்மை விழுகிறதா, அல்லது காதுக்குத் தள்ளிப்போகிறதா என்றும் நம் கேமராவிலேயே பூட்டிப் பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதம் 40இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி வைத்தால் போதுமானது.

முழுத் திறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 1.2 மீட்டர் வரை நெருங்கினால் கூர்மையின் ஆழம் மொத்தமே சுமார் 4 செ.மீ. முகம் சற்றுத் திரும்பியிருந்தாலும் அருகிலுள்ள கண் கூர்மையாகவும் மறுகண் மங்கலாகவும் போய்விடும். இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அதே எஃப் 1.8இல் ஆழம் 11 செ.மீ.க்கு மேல் விரிகிறது. முகம் முழுவதும் கூர்மையாக நிற்க இது ஏறத்தாழப் போதும். தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் குவியத் தொலைவு தமக்கு ஒத்துவரும் என்று இன்னும் ஐயம் உள்ளவர்கள், கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் நிறுத்தி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுச் சில நாள் படமெடுத்துப் பார்க்கலாம். பிறகு 50இல் ஒட்டிப் பார்க்கலாம். எதில் கால்கள் தாமாகவே சரியான இடத்தில் போய் நிற்கின்றனவோ அதை வாங்கலாம். லென்ஸில் மிச்சமாகும் பணத்தில் எழுதுபொருள் கடையில் ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டையும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். படப்பிடிப்புத் தளங்களில் ஒளியைத் திருப்பிவிட நெடுங்காலமாகப் பயன்படுத்துவது அதுவே. சன்னல் வெளிச்சம் விழும் கன்னத்துக்கு எதிர்ப்புறம், சட்டகத்துக்கு வெளியே, முகத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி அதை நிறுத்தினால் நிழலில் இருந்த கண்ணும் கன்னமும் துலங்கிவிடும். அருகே கொண்டுவந்தால் நிழல் இளகும், விலக்கினால் ஆழமாகும். மின்விசிறிக் காற்றில் அது சரியாமலிருக்க ஒரு நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்தால் உதவிக்கு ஆள்கூடத் தேவையில்லை.